மலை ரயிலில் போவது நேர விரயமா?
மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போவது தம்பதிகளுக்கு நேர விரயம், காரே மேல் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம், உண்மைதான். ஆனால் காரில் போன இரண்டு தடவையும் என் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். நான் கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகிறது, பேச நேரம் கிடைக்கிறது. வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது அவள் கையிலிருந்த வடையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. கல்யாணமாகி 22 வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டிக்கெட் எளிதில் கிடைப்பதில்லை என்பது சரிதான். குன்னூர் - ஊட்டி மட்டுமாவது போய் வரலாம், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் தண்டவாளத்து நடுவிலுள்ள பற்களைப் பற்றி எஞ்சின் ஏறும் பல்சக்கரப் பாதை அதில் வராது.