மகனைக் காப்பாற்ற முடியாத தலைவர்

இத்தாலியின் பழைய வெனிஸ் குடியரசில் வாரிசு ஆட்சி இருந்ததில்லை என்று புகழ்வார்கள். உண்மைதான். ஆனால் ஃபொஸ்காரி குடும்பத்துக்கு நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் முழுமனதோடு புகழ முடியவில்லை.

1423இல் பிரான்செஸ்கோ ஃபொஸ்காரி டோஜ் ஆனார், அதாவது குடியரசின் தலைவர். 34 ஆண்டுகள்! வேறெந்த டோஜும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. ஆனால் கைகாலைக் கட்டிப்போட்ட பதவி அது. வெளிநாட்டுக் கடிதத்தைத் தனியாகப் பிரிக்கக்கூடாது, பரிசு வாங்கக்கூடாது. இந்த விதிகளை நான் குறைசொல்ல மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவரை இப்படித்தான் வைக்க வேண்டும்.

எனக்கு ஆறாதது பத்துப்பேர் குழு என்ற விசாரணை அமைப்புதான். 1310இல் ஒரு சதிக்குப் பிறகு அவசரத்துக்கு அமைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. விசாரணை எல்லாம் ரகசியம். 1445இல் டோஜின் மகன் யாகோபோ பரிசு வாங்கினார் என்று நாடு கடத்தினார்கள். சரி, அது தப்புதான். பிறகு மன்னித்துத் திரும்ப விட்டார்கள். 1450இல் எர்மொலாவோ தொனா என்ற பிரபு கொலையானார். சந்தேகம் யாகோபோ மேல். கயிற்றில் தொங்கவிட்டு வதைத்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரமும் இல்லை. இருந்தும் கிரீட் தீவுக்கு அனுப்பினார்கள். இதை எப்படி நீதி என்பது?

1456இல் வெளிநாட்டு உதவி கேட்டு ரகசியமாகக் கடிதம் எழுதினார் என்று மறுபடி இழுத்து வந்தார்கள். வீட்டுக்குப் போக வழி செய்யுங்கள் என்று மகன் கெஞ்ச, எண்பதைத் தாண்டிய கிழவர், "போ யாகோபோ, நாடு சொல்வதைக் கேள், இதற்கு மேல் எதுவும் கேட்காதே" என்றாராம். மகன் போன பிறகுதான் உடைந்து அழுதார். சில மாதங்களில், 1457 ஜனவரியில், யாகோபோ கிரீட்டிலேயே இறந்தார்.

அப்புறம் கிழவர் சபைக்கே வருவதில்லை. முன்பு அவரே விலகுகிறேன் என்றபோது விடாதவர்கள், அந்த அக்டோபரில் வற்புறுத்தி இறக்கினார்கள். அப்போது குழுவின் தலைவர்களில் ஒருவர் யாகோபோ லொரேடான். ஃபொஸ்காரி, லொரேடான் குடும்பங்களுக்கு இடையே நெடுநாள் பகை. 1297 முதல் பெருஞ்சபை, அதாவது குடியரசின் பிரபுக்கள் சபை, குறிப்பிட்ட சில குடும்பங்களின் கையில்தான் இருந்தது. ஒருவனின் மகன் அரியணை ஏறாமல் பார்த்துக்கொண்டார்களே தவிர, குடும்பப் பகை ஆட்சிக்குள் புகாமல் தடுக்கவில்லை.

பதவி போன ஒரு வாரத்தில், நவம்பர் 1 அன்று பிரான்செஸ்கோ இறந்தார். உடனே அரசு மரியாதை என்றார்கள். என் கணவரை நானே அடக்கம் செய்துகொள்கிறேன் என்றார் மனைவி மரினா நானி. கேட்கவில்லை. டோஜின் உடையைப் போர்த்தித் தூக்கிப் போனார்கள். புதிய டோஜ் மலிப்பியேரோ சாதாரண செனட்டர் உடையில் பின்னால் நடந்தார். நியாயம் அந்த அம்மா பக்கம்தான் இருந்தது.