ரெண்டு மடங்கு வேகத்துல பாத்தாராம்!

நேத்து அந்த விமர்சனத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. 'தி அன்டேம்ட்' சீன சீரியலை, அதை எழுதின அண்ணாத்தை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிப் பாத்தாராம். 50 எபிசோடும் ரெண்டு பசங்க ஒருத்தரையொருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிறதுதானாம். கீழ வரிசையா சிரிப்பு பொம்மைங்க.

ஐயா, அந்தப் பார்வைதான் கதை. அதையே ஓட்டிவிட்டா வேற என்னத்தைப் பாத்தீங்க?

குகைக்குள்ள ஒரு வாத்தியம் தானா மீட்டித் தாக்குது. லான் குலத்து நெற்றிப்பட்டை இருக்கிறவங்களை மட்டும் ஒண்ணும் பண்ணாது. பெத்தவங்க, வாழ்க்கைத்துணை, பிள்ளைங்க தவிர யாரும் தொடக்கூடாத அந்தப் பட்டையை, அந்த ரெண்டு பசங்கள்ல ஒருத்தனான லான் வாங்ஜி கழட்டி இன்னொருத்தனான வெய் வூஷியான் மணிக்கட்டுல சுத்துறான். அதோட அர்த்தத்தை அவன்கிட்ட சொல்றதில்லை. நமக்குப் புரியணும், அவ்வளவுதான்.

ஜியாங் செங்கும் வெய்யும் ஒரே வீட்டுல வளந்தவங்க. தன்னோட சக்திக்கே வேரான பொற்கருவை எடுத்து அவனுக்குக் குடுத்துட்டு வெய் வாயே திறக்கல. பொற்கரு இல்லாம பழையபடி வாள் வீச முடியாது, அதான் வாள் இல்லாம திரியுறான், ஊரே திமிர்னு பேசுது. அவன் வாளை வேற யாராலயும் உருவ முடியாது. வருஷங்கள் கழிச்சு, உண்மை தெரிஞ்ச வெய்யோட நண்பன் வென் நிங் அதை ஜியாங் செங்கிட்ட நீட்டி, உருவுங்கிறான். வந்துடுது, உள்ள இருக்கிறது வெய்யோட பொற்கருதானே. விளக்கமெல்லாம் அதுக்கப்புறம்தான். அந்த முகத்தையுமா ஓட்டிவிட்டீங்க? (ஸ்பாய்லர்னு யாரும் வராதீங்க, 2019ல வந்த சீரியல்.)

கிராஃபிக்ஸ் மட்டம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அந்த ஆமை ராட்சசனுக்கு நான் வக்காலத்து வாங்கல. "மூல நாவல்ல லான் வாங்ஜியும் வெய்யும் காதலர்கள், நீ சகோதரப் பாசம்ங்கிற"ன்னு என் பழைய பதிவைப் பாத்துட்டு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. தெரியும்ங்க. சீனத் தணிக்கை அதை வாயால சொல்ல விடல, அதனாலதான் பட்டையும் பார்வையும் அவ்வளவு சுமக்குது. நான் சகோதரப் பாசம்னு சொன்னது வெய்யையும் ஜியாங் செங்கையும். அந்தப் பதிவைப் படிச்சுட்டு வாங்க.

எங்க அண்ணன் நிலத் தகராறுக்கு அப்புறம் என்கிட்ட பேசுறதில்லை. ஆனா ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசல்ல கரும்புக்கட்டு சாத்தியிருக்கும். யார் வச்சதுன்னு வீட்டுல யாரும் கேக்க மாட்டோம். நானும் போன் பண்ணல. பேசாத பாசம்னா என்னன்னு எனக்கு யாரும் சப்டைட்டில் போட வேண்டாம்.

"பொம்பளைங்க பாக்குற சீரியல்"னு கடைசியா ஒரு வரி வேற. ஆமா, பாக்குறோம். நிறுத்தி நிதானமா பாக்குறோம். நம்மூர் ஹீரோ ஸ்லோமோஷன்ல கார் கதவைத் திறந்து இறங்குறப்ப மட்டும் உங்க விரல் அந்த ரெண்டு மடங்கு பட்டன் பக்கம் போகாதே? அதுக்கு விசில் வேற!