டோட்டல் டேலி ஆனால் போதுமா?

"டோட்டல் டேலி ஆகுதே சார், அப்புறம் என்ன?" இந்த ஒரு வாரத்தில் இதை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கும்பகோணத்தில் ஒரு உர மொத்த வியாபாரிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கத்துக் கடைக்காரர்கள் வங்கியில் பணம் கட்டுவார்கள். தினமும் காலையில் வங்கியிலிருந்து எம்டி940 கோப்பு வரும்; கணக்கின் வரவு பற்றை மென்பொருள் படிக்கிற வடிவத்தில் தரும் ஸ்டேட்மென்ட் அது. எங்கள் மென்பொருள் அதைப் படித்து, அவரவர் பேரில் வரவு வைக்கும்.

அந்தக் கோப்புக்கு வரிசைதான் உயிர். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும். 60எஃப் என்றால் தொடக்க இருப்பு. 61 என்றால் ஒரு வரவு அல்லது பற்று. அதற்கு அடுத்து வரும் 86, யார் போட்டது, எதற்குப் போட்டது என்ற விவரம். கடைசியில் 62எஃப், முடிவு இருப்பு. எந்த 86 எந்த 61-ஐச் சேர்ந்தது என்று தனியாக இணைப்பு எண் எதுவும் கிடையாது. முன்னால் எது நிற்கிறதோ அதற்குத்தான் சொந்தம்.

போன செவ்வாய்க்கிழமை வங்கிப் பக்கம் எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு 86-ம் தன் 61-க்கு முன்னால் வந்து நின்றது. முதல் 86-ஐ ஒட்ட இடமில்லாமல் மென்பொருள் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டது. அது வலங்கைமான் கடையுடையது. அவர் கட்டிய 1,42,000 ரூபாய் பாபநாசத்துக் கடையின் பேரில் ஏறியது. பாபநாசத்துப் பணம் அதற்கு அடுத்தவர் பேரில். இப்படியே 37 வரவும் ஒரு படி தள்ளிப்போய், கடைசி வரவு ஆள் பெயரே இல்லாமல் நின்றது. தொடக்க இருப்போடு வரவைக் கூட்டினால் முடிவு இருப்பு பைசா சுத்தமாக வருகிறது! வராமல் என்ன செய்யும்? தொகை எதுவும் மாறவில்லையே, பெயர்தானே மாறியது. நெல் மூட்டைகளில் பெயர்ச் சீட்டை ஒன்று தள்ளிக் கட்டிவிட்டு, மூட்டை எண்ணிக்கை சரிதானே என்று சொன்னால் எந்த விவசாயி சும்மா விடுவார்?

சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரம். பாக்கி என்று சொல்லி வலங்கைமான்காரருக்கு லோடு ஏற்றவில்லை. வியாழக்கிழமை பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த சலானை எடுத்து என் மேசையில் விரித்து, கையாலேயே நீவினார். முத்திரை, தேதி, தொகை எல்லாம் பளிச்சென்று இருந்தன. "தம்பி, இத்தன வருஷத்துல ஒரு நாளாவது பாக்கி வச்சிருக்கேனா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மென்பொருள்காரர்களைக் கூப்பிட்டால், பேங்க் ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வங்கியைக் கேட்டால், படிக்கிறவர்கள் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்கிறார்கள். யாரிடமும் நான் மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. முந்தைய வரி என்ன என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 60எஃப்-க்கு அடுத்து 86 வந்தால் தப்பு. ஒரு 86-க்குப் பின்னால் இன்னொரு 86 வந்தால் தப்பு. 62எஃப்-க்குப் பிறகு 86 வரலாம், அது மொத்த ஸ்டேட்மென்டுக்கான குறிப்பு. ஆனால் அங்கே 61 வந்தால் தப்பு. நேற்றைய முடிவு இருப்பும் இன்றைய தொடக்க இருப்பும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் ஒரு கோப்பே காணோம். தப்பு என்று தெரிந்த இடத்தில் வரி எண்ணைச் சொல்லி, முழுக் கோப்பையும் நிறுத்துங்கள். பாதியை ஏற்றிவிட்டு மீதியை விடாதீர்கள், அதைப் பிரித்தெடுப்பது இன்னும் பெரிய கொடுமை.

இதை எழுத ஒரு நாள் வேலை ஆகுமா? அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தார்கள். 37 வரவையும் கையால் மாற்றிப்போட எனக்கு ராத்திரி பதினொன்றரை ஆனது. வலங்கைமானுக்கு வெள்ளிக்கிழமைதான் லோடு போனது. பாபநாசத்துக்காரர் தன் கணக்கில் கூடுதலாக ஏறிய பணத்துக்கும் சேர்த்து யூரியா எடுத்து, பாதி மூட்டையை விற்றும் விட்டார். திங்கட்கிழமை அவர் கடைக்குப் போய் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டியவன் நான்தான்.