நின்றவனுக்குக் கேஸ், ஓடினவனுக்கு ஒன்றுமில்லை

உடுமலை - மறையூர் ரோட்டில் புதிதாக வண்டி எடுக்கிற பையனுக்குப் பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது: மான் அடிபட்டுக் கிடந்தால் நிறுத்தாதே, பார்க்காத மாதிரி போய்விடு. இந்தப் பாடம் மாறாதவரை எத்தனை எச்சரிக்கைப் பலகை நட்டாலும் அடிபட்ட விலங்குக்கு விமோசனம் கிடையாது. டிரைவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை.

ரோட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடுமலையிலிருந்து வரும்போது ஒன்பதாறு என்ற வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சின்னாற்றுப் பாலம் தாண்டினால் கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். நமக்குத்தான் அது இரண்டு மாநிலம், காடு ஒரே காடு. மலை மறித்துக்கொள்வதால் மழை குறைவாகப் பெய்யும் மழை மறைவுப் பகுதி என்பதால் முள்ளும் புதரும்தான் அதிகம். கோடையில் ஓடைகள் வற்றிவிட்டால் யானை, காட்டெருமை, மான் எல்லாமே அமராவதி அணைத் தண்ணீருக்கு இறங்கும். ரோட்டைக் கடக்காமல் இறங்க வழியில்லை. அதே கோடையில்தான் மூணாறுக்குப் போகும் கார்களும் வரிசை கட்டும். யானை நின்றால் எல்லாரும் நிறுத்துகிறார்கள். மான் ஓரத்தில் நின்றால் ஹாரன் அடித்துக்கொண்டு அதே வேகத்தில் போகிறார்கள். ஒரு மான் கடந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது. இங்கே நட்சத்திர ஆமையும் உண்டு. அது டயரில் சிக்கினால் ஓட்டுபவருக்குத் தெரிவதுகூட இல்லை.

போன கோடையில் காந்தலூரிலிருந்து முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு உடுமலைச் சந்தைக்கு வந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், வளைவில் ஒரு பெண் புள்ளிமான் கிடப்பதைப் பார்த்து பிக்கப்பை நிறுத்தினார். இடித்த கார் எப்போதோ போய்விட்டது. பைக்கில் பின்னால் வந்த நான் சேரும்போது நல்ல கூட்டம். ஒருவர் பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றுகிறார். ஒரு அம்மா தலையைத் தடவிக் கொடுக்கிறார். பிள்ளைகள் கிட்டே உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். பிக்கப்பில் தூக்கிப் போட்டு உடுமலைக்குக் கொண்டு போகலாம் என்று இரண்டு பேர் கால்களைப் பிடிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொன்றும் அந்த மானுக்குக் கெடுதல்.

மான் அசையாமல் கிடந்தால் அமைதியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். பயத்தில் உறைந்து போயிருக்கிறது என்பதுதான் உண்மை. ஆட்டுக்குட்டியைத் தடவுவது போல அதைத் தடவ முடியாது. மனிதக் கை பட்டால் புலி கவ்வினாற்போலத்தான் அதற்கு இருக்கும். மான் இனங்களுக்கு ஒரு கொடுமையான குறை உண்டு. மிரண்டு திமிறினால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெளிக்காயமே இல்லாத மான்கூடச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ இதனால் செத்துப் போவதுண்டு. நாம் 'காப்பாற்றி' விட்டதாக வீடியோ போட்ட மான்களில் எத்தனை அப்படிப் போயிருக்கும்? மயக்கத்தில் இருக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பின்கால் இரண்டும் அசையவில்லை என்றால் முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அதைக் காலைப் பிடித்துத் தூக்கினால் மிச்சமும் போச்சு.

அப்படியென்றால் என்னதான் செய்வது? முதலில் மற்ற வண்டிகளை நிறுத்த வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே ஒருவர் நின்று கை காட்டட்டும், இல்லாவிட்டால் அடுத்த கார் வந்து மானையும் மனிதரையும் சேர்த்து இடிக்கும். கூட்டம் விலக வேண்டும், சத்தம் அடங்க வேண்டும். முடிந்தால் தூரத்திலிருந்தே ஒரு துணியை அதன் கண்ணை மறைக்கிற மாதிரி போடலாம். கண் மறைந்தால் மிரட்சி குறையும். அப்புறம் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் பாதி தூரம் போன் சிக்னல் கிடையாது என்பதால், அடுத்து வரும் வண்டியில் செக்போஸ்ட்டுக்கு ஆள் அனுப்புவதுதான் வேகமான வழி. இது மானுக்கு. சிறுத்தை, காட்டெருமை, யானை என்றால் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. குரங்கைத் தொடவே தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

சரி, அந்தத் தம்பி கதைக்கு வருகிறேன். சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய் போன் செய்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆள் வருவதற்குள் மான் செத்துவிட்டது. வந்தவர்கள் முதலில் பார்த்தது மானை இல்லை, பிக்கப்பின் பம்பரை. ரத்தம் இருக்கிறதா என்று தேடினார்கள். எழுதிக் கொடு, கையெழுத்துப் போடு என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். முட்டைகோஸ் வெயிலில் வதங்கி, சந்தையும் முடிந்துவிட்டது. "அண்ணே, இனிமே செத்தாலும் நிறுத்த மாட்டேன்" என்று அவர் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இடித்துவிட்டுப் போன கார்க்காரர் அந்நேரம் மூணாறில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

வனத்துறை ஊழியர்கள் சந்தேகப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காயப்படுத்துவதையும் வேட்டைக்குள்தான் சேர்க்கிறது. ரோட்டில் செத்துக் கிடக்கும் விலங்கும் அரசின் சொத்து. அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீசிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அடிபட்ட மானைக் கறிக்காக டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறிக்கு ஆசைப்பட்டவன் போன் செய்வானா? மானை இடத்தை விட்டு அசைக்காமல், பெயரும் வண்டி எண்ணும் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் திருடனைப் போல நடத்தினால், நாளைக்குத் தகவல் சொல்ல யார் மிஞ்சுவார்கள்?

மனிதர்கள் விபத்தில் அடிபட்டால் ஒரு காலத்தில் இதே நிலைதான். தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் கேள்வி மேல் கேள்வி கேட்கும், அதனால் யாரும் கிட்டே போக மாட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. உதவி செய்தவர் மீது வழக்கு இல்லை, பெயர் சொல்லக் கட்டாயமும் இல்லை. விலங்குக்காக நிற்பவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்கிறேன். இடித்த டிரைவரே நின்று தகவல் சொன்னால், வேகத்துக்கு உண்டான தண்டனை இருக்கட்டும், வேட்டைக்காரன் என்ற பட்டம் வேண்டாம்.

இரவில் ரோட்டை மூடுவது நல்லது. கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் 2009 முதலும் சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் இரவுத் தடை இருக்கிறது. ஆனால் நான் சொன்ன மான் அடிபட்டது பட்டப்பகலில். பகலுக்கு என்ன ஏற்பாடு?

மறையூர், காந்தலூர், உடுமலை ஜீப், பிக்கப் டிரைவர்கள் சிலர் சேர்ந்து இரண்டு மாநில வனத்துறைக்கும் மனு எழுதியிருக்கிறோம். ஒன்று, தகவல் சொல்பவரை அலைக்கழிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு. இரண்டு, பாலத்தின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே போன் எண், அது இரண்டு செக்போஸ்ட்டிலும் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதப்பட வேண்டும். மூன்று, சிக்னல் இல்லாத இடத்தில் செக்போஸ்ட்டோடு பேச ஒரு வயர்லெஸ் வசதி. இந்த ரோட்டில் போய்வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடலாம். மனு மறையூர் ஜீப் ஸ்டாண்டில் இருக்கிறது. உடுமலையில் இருப்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே கொண்டு வருகிறேன்.