பக்கத்து சர்வே எண்ணில் நல்ல ஒயின்

(ஸ்டுட்கார்ட் நகரம், ஜூலை மாதச் சனிக்கிழமை, வெளியே 34 டிகிரி. வீட்டில் ஏ.சி. கிடையாது, பக்கத்து வீட்டிலும் கிடையாது, ஆகவே சூப்பர் மார்க்கெட்டின் குளிரில் நிற்பதற்காகவே பாதித் தெரு உள்ளே வந்திருக்கிறது. ஒயின் அலமாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு மாப்பிள்ளை. கணினி வேலைக்காரர், இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு மாமனார். கம்பத்துக்காரர், சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே மகளைப் படிக்க வைத்தவர். நாளை ஞாயிறு, கடை இருக்காது. மாடி வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் கறி சுடுகிறார்கள், இவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா, நீங்கள் அந்தக் காய்கறிப் பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். நான் இங்கே ஒரு... தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மாமா: தண்ணீர் அந்தக் கோடியில் இருக்கிறது மாப்பிள்ளை. இது ஒயின். நான் வந்த அன்றைக்கே உங்கள் பால்கனி மூலையில் காலிப் பாட்டில்களைப் பார்த்துவிட்டேன். கொத்தமல்லி வளர்க்க வைத்திருக்கிறோம் என்று என் மகள் சொன்னாள். அந்தக் கழுத்துக்குள் விதை போடுவதற்கே ஊசி வேண்டும்.

மாப்பிள்ளை: அது... ஆபீஸ் நண்பர்கள் வந்தபோது...

மாமா: நான் ஒன்றும் கேட்கவில்லையே. கறி சுடுகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது, அவ்வளவுதான். பாட்டில் ஒன்றுக்கு எவ்வளவு வரைக்கும் போகலாம்?

மாப்பிள்ளை: எட்டு ஈரோவுக்குள்.

மாமா: எண்ணூறு ரூபாயா!

மாப்பிள்ளை: ஈரோவை ரூபாயாக்கிப் பார்த்தால் இந்த ஊரில் முடிகூட வெட்ட முடியாது மாமா.

மாமா: அதனால்தான் நான் வெட்டவில்லை. சரி, கழுத்தில் தங்கத்தாள் சுற்றியிருக்கிறதே, இது என்ன? 32 ஈரோ போட்டிருக்கிறான்.

மாப்பிள்ளை: ஷாம்பெய்ன். பிரான்சில் அந்த ஒரு வட்டாரத்தில் விளைந்து அங்கேயே செய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்கவிட்டு நுரை வர வைப்பார்கள். அதே முறையில்தான் அல்சாஸ், லுவார் பக்கம் கிரெமான் செய்கிறார்கள், எட்டு ஈரோவுக்குத் தேடினால் கிடைக்கும். ஸ்பெயின் காவா இன்னும் குறைவு, ஐந்து ஆறுக்கே உண்டு. ஷாம்பெய்னைக் குறைந்தது 15 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும், காவாவுக்கு 9 மாதம் போதும்.

மாமா: வழிகாட்டி மதிப்பு!

மாப்பிள்ளை: என்னது?

மாமா: பைபாஸை ஒட்டின சர்வே எண் என்றால் சென்ட் ஐந்து லட்சம். ஒரு வரப்பு தள்ளிப் போனால் அதே செம்மண், அதே கிணற்றுத் தண்ணீர், சென்ட் எண்பதாயிரம். வெளியூர்க்காரன் காரை நிறுத்தின இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுவான். விவரம் தெரிந்தவன் வரப்பைத் தாண்டுவான். நாம் தாண்டுவோம்.

(மாப்பிள்ளை மாமனாரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறார். கல்யாணத்தன்று இப்படிப் பார்த்திருக்க வேண்டும், அன்றைக்குப் புகைப்படக்காரர் விடவில்லை.)

மாப்பிள்ளை: நான் ஒயின் வாங்குகிற கணக்கே இதுதான் மாமா. இதைப் பாருங்கள், சான்செர். லுவார் ஆற்றுப் பக்கம், சாவிஞ்ஞோன் பிளாங்க் திராட்சை. பெயர் பெற்ற ஊர், அதனால் பதினெட்டு ஈரோ. அதே ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் துரேன் என்று ஒரு வட்டாரம், திராட்சை அதேதான், விலை ஏழு. இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன், மண் வேறு. ஆனால் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு அந்தப் பதினோரு ஈரோ வித்தியாசம் தெரியுமா?

மாமா: தெரியாது. எடுங்கள். இல்லை, இருங்கள், பத்திரத்தைப் படிக்காமல் எதையும் வண்டியில் வைக்கக் கூடாது. (சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார்.) இந்த மூன்று ஈரோ பாட்டிலில் பெரிய கோட்டைப் படம் போட்டிருக்கிறானே, பார்க்க நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளை: பின்பக்கம் திருப்புங்கள். அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கட்டுமா? "ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகளைச் சேர்ந்த ஒயின்."

மாமா: கூட்டுப் பட்டாவா! எந்த நாடு, யார் தோட்டம், எந்த வருடம், ஒன்றும் இல்லை. நான்கெல்லை எழுதாத பத்திரம். கோட்டையை மட்டும் வரைந்து வைத்திருக்கிறான், போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகையாக இருக்கும். வையுங்கள் அதை.

மாப்பிள்ளை: ஜெர்மன் ஒயின் என்றால் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே பாருங்கள், ஏ.பி. எண். தரச்சான்று பெற்ற ஜெர்மன் ஒயின் ஒவ்வொன்றையும் அரசாங்கத்தில் கொடுத்துப் பரிசோதித்து எண் வாங்க வேண்டும். முதலில் இருப்பது பரிசோதித்த நிலையத்தின் எண். அப்புறம் ஊர், அப்புறம் அடைத்தவர், அப்புறம் வரிசை எண். கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த வருடம்.

(மாமா பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்குகிறார். கட்டைவிரலால் அந்த எண்ணை மெதுவாகத் தடவிப் பார்க்கிறார். பிறந்த பேரனைக்கூட இவ்வளவு பயபக்தியோடு தூக்கவில்லை என்று அவருடைய மகள் பிற்பாடு குறைபட்டுக்கொள்ளக்கூடும்.)

மாமா: பத்திர எண், அலுவலக எண், வருடம்... எல்லாம் கிரமமாக இருக்கிறது. இந்த நாட்டில் சாராயத்துக்கு இருக்கிற வில்லங்கச் சான்று நம் ஊரில் வீட்டுக்கு இல்லை மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: சாராயம் என்று சத்தமாகச் சொல்லாதீர்கள் மாமா, அந்தப் பக்கம் நிற்பவர் தமிழ் மாதிரி இருக்கிறார். உங்கள் கையில் இருப்பது மோசல் ஆற்று ரீஸ்லிங், காபினெட் வகை. ஆல்கஹால் எட்டரை சதவீதம்தான், கொஞ்சம் தித்திப்பு, நல்ல புளிப்பு. நாளைக்கு உங்கள் மகள் சுக்கா வறுவல் செய்துகொண்டு போகிறாள் இல்லையா, அதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பதினாலரை சதவீதச் சிவப்பு ஒயினை மிளகாயோடு சேர்த்துக் குடித்தால் காரம் இரண்டு மடங்காக எரியும். போன கோடையில் எங்கள் மேனேஜர் அப்படித்தான் கண்ணீரோடு வீட்டுக்குப் போனார்.

மாமா: எங்கள் ஊர்த் திராட்சை தெரியுமா உங்களுக்கு? பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்தால்தான் அந்தப் பெயர். பந்தல் போட்டு வளர்ப்போம், வருடம் முழுக்கக் காய்க்கும். இவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை பறித்துவிட்டு இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்கள்.

மாப்பிள்ளை: அட, அதைச் சொல்ல மறந்துவிட்டேனே! பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதைப் பெற்றது இரண்டு திராட்சை. ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். இன்னொன்று உங்கள் முழங்கைக்கு அடியில் இருக்கிறது பாருங்கள், ட்ரோலிங்கர். இந்த ஊர்க்காரர்கள் தினப்படி குடிக்கிற சிவப்பு ஒயின். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சரிவில் தோட்டம் பார்த்தோமே, அந்த மாதிரிச் சரிவுகளில்தான் விளைகிறது.

மாமா: (முழங்கையை எடுத்துவிட்டு, பாட்டிலைப் பார்த்து லேசாகத் தலை குனிந்து) சம்பந்தி!

மாப்பிள்ளை: மாமா...

மாமா: என்ன மாமா? பன்னீர் எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். அவளைப் பெற்றவர் என்றால் எனக்குச் சம்பந்திதானே. எவ்வளவு விலை?

மாப்பிள்ளை: ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தரை ஈரோ. வெளிறின சிவப்பு, துவர்ப்பு குறைவு, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குடித்தால் கோடைக்கு அருமையாக இருக்கும். வெளியூரில் இதை யாரும் மதிப்பதில்லை, அதனால்தான் மலிவு. இன்னொரு விஷயம், இந்த ட்ரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் சேர்த்து 1929இல் கெர்னர் என்று ஒரு வெள்ளைத் திராட்சையை இந்த வட்டாரத்திலேயே உண்டாக்கினார்கள். அதுவும் நல்ல விலையில் கிடைக்கும்.

மாமா: அப்படியானால் சம்பந்திக்கு இரண்டு குடும்பம். வாரிசுச் சான்று வாங்குவது கொஞ்சம் சிரமம்தான். பரவாயில்லை, வண்டியில் வையுங்கள். எப்படி ஊற்றிக் கொடுப்பார்கள்?

மாப்பிள்ளை: கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில், கால் லிட்டர்.

மாமா: 250 மில்லியா? நம் ஊர்க் குவார்ட்டர் 180தானே.

மாப்பிள்ளை: உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?

மாமா: ...செய்தித்தாளில் போட்டிருந்தான். அடுத்த அலமாரி என்ன?

மாப்பிள்ளை: போர்ச்சுகல். வின்யோ வெர்டே, அந்த நாட்டின் வடமேற்கு மூலை, மழை அதிகம். லேசாக நாக்கில் சுருக்கென்று குத்தும், ஆல்கஹால் குறைவு, நான்கரை ஈரோ. இதை ஆராய்ச்சியெல்லாம் செய்யக் கூடாது, நன்றாகக் குளிர வைத்து அந்தக் கோடைக்குள்ளேயே காலி செய்துவிட வேண்டும். அடுத்தது பிரான்ஸ், முஸ்கடே. நாந்த் நகரத்துக்குப் பக்கம், கடற்காற்று அடிக்கிற இடம். ஈஸ்ட் மண்டியோடேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து அப்படியே பாட்டிலில் அடைப்பார்கள், அதனால் சுவையில் ஒரு கனம் வரும். அந்த ஊரில் சிப்பியோடு குடிப்பார்கள், நான் வஞ்சிரம் வறுவலோடு குடித்துப் பார்த்தேன்... அதாவது நண்பர் குடித்துப் பார்த்தார்.

மாமா: நண்பர் என்ன சொன்னார்?

மாப்பிள்ளை: எலுமிச்சை பிழியாத மீனுக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்ததாம்.

மாமா: நண்பருக்கு நல்ல நாக்கு. இந்த ரோஸ் நிறத்தில் வரிசையாக நிற்பது?

மாப்பிள்ளை: ரோசே. புரோவான்ஸ் என்று எழுதியிருந்தால் அந்த வெளிறின நிறத்துக்கும் வளைந்த பாட்டிலுக்கும் சேர்த்துக் காசு. வரப்பைத் தாண்டினால் இத்தாலியில் கார்டா ஏரிக்கரை, பார்டோலினோ கியாரெட்டோ, ஆறு ஈரோ.

மாமா: எடுங்கள். வெயிலுக்கு அந்த நுரை வருகிறது ஒன்று வேண்டாமா? இந்த ஊரிலேயே செய்தது இருக்குமே, போக்குவரத்துச் செலவு மிச்சம்.

மாப்பிள்ளை: ஜெர்மன் ஸெக்ட் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கூத்து. நுரை இல்லாத ஒயினுக்கு இந்த நாட்டில் மதுவரியே கிடையாது, கடையில் போடுகிற 19 சதவீத வரி மட்டும்தான். நுரை வந்தால் முக்கால் லிட்டருக்கு 1 ஈரோ 2 சென்ட் தனி வரி. 1902இல் கெய்சர் மன்னர் போர்க்கப்பல் கட்டுவதற்காகப் போட்டது.

மாமா: கப்பல் எங்கே?

மாப்பிள்ளை: முதல் உலகப் போர் முடிந்து 1919இல் அந்தக் கப்பற்படையை ஜெர்மன்காரர்களே ஸ்காட்லாந்துப் பக்கம் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

மாமா: வரி?

மாப்பிள்ளை: 1933இல் எடுத்தார்கள், 1939இல் திரும்பப் போட்டார்கள். இன்னும் மிதக்கிறது.

மாமா: மூழ்கின கப்பலுக்கு நான் ஏன் மாப்பிள்ளை வரி கட்ட வேண்டும்? நான் கப்பலில் ஏறினேனா?

மாப்பிள்ளை: அதற்கும் வரப்பு இருக்கிறது. இத்தாலிப் புரோசெக்கோவில் ஃபிரிசாந்தே என்று போட்டிருந்தால் நுரை கொஞ்சம் மந்தமாக இருக்கும். உள்ளே அழுத்தம் குறைவு, சாதாரண மூடி, அதனால் இந்த வரிக்குள் வராது. ஐந்து ஈரோதான்.

மாமா: அழுத்தம் குறைவு, வரி இல்லை, எனக்கு பி.பி.யும் இருக்கிறது. எல்லா வகையிலும் சரி.

மாப்பிள்ளை: இன்னும் மலிவாக வேண்டுமென்றால், வெள்ளை ஒயின் பாதி, சோடா பாதி கலந்து குடிப்பார்கள். ஷோர்லே என்று பெயர். அதற்கு மூன்றரை ஈரோ ஒயினே போதும்.

மாமா: (நெஞ்சில் கை வைத்து) சோடாவா? மாப்பிள்ளை, இவ்வளவு பத்திரம், எண், பரிசோதனை எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் சோடா ஊற்றுகிறார்களா? எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிறவனை எவ்வளவு கேவலமாகப் பார்த்திருப்பேன், அவன் ஐரோப்பிய முறையில்தான் குடித்திருக்கிறான்.

மாப்பிள்ளை: ஊறுகாய் மட்டும்தான் இங்கே கிடையாது. சரி மாமா, நாளைக்கு இதையெல்லாம் எப்படிக் குளிர வைப்பது? ஃபிரிட்ஜில் இடமில்லை, அத்தை இட்லி மாவு வைத்திருக்கிறார்கள்.

மாமா: வாளியில் ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் எல்லாப் பக்கமும் தொடும். இரண்டு கை கல்லுப்பு போட்டால் இன்னும் சீக்கிரம், கால் மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும்.

மாப்பிள்ளை: இதுவும் செய்தித்தாளா?

மாமா: இது குல்ஃபி வண்டிக்காரன் சொன்னது. அதில் பொய் இல்லை.

(மாப்பிள்ளையின் கைபேசி அடிக்கிறது. மகள். மாப்பிள்ளை ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார், தெரிந்தா தெரியாமலா என்பது அவருக்கே வெளிச்சம்.)

குரல்: என்னங்க, காய்கறி வாங்கப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அப்பா பக்கத்தில் இருக்கிறாரா? இருந்தால் தள்ளி நின்று பேசுங்கள். அம்மா ட்ரோக்கன் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறாள். மற்றது தித்திக்கிறதாம், சுகருக்கு ஆகாதாம். செவ்வாய்க்கிழமை குடித்தோமே, அந்த முஸ்கடேயே போதுமாம்.

(மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிறார். வண்டியிலிருந்த பாட்டில்களை விரல் விட்டு எண்ணுகிறார்.)

மாமா: முஸ்கடேயில் இன்னும் மூன்று எடுங்கள் மாப்பிள்ளை. மொத்தமாக வாங்கினால் ஏதாவது தள்ளுபடி தருவானா, கேட்டுப் பாருங்கள்.