இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு ஹிஸ்டரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் அக்கா வீட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பெரியப்பா கேட்டார். அத்தை போன் போட்டுக் கேட்டாள். டியூஷன் சார் வீட்டுக்கே வந்து கேட்டார். பால் ஊற்றுகிறவர் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இவ்ளோ மார்க் எடுத்துட்டு ஹிஸ்டரியா?" என்ன படிக்கப் போகிறாய், எங்கே படிக்கப் போகிறாய், அதில் உனக்கு எது பிடிக்கும் என்று ஒரு மனிதர்கூட, வரலாறு படிக்க ஆசைப்படும் என் அக்கா மகளிடம் கேட்கவில்லை. ஒரு வாரமாக அவள் அறையை விட்டு வெளியே வராமல் கிடக்கிறாள். 600க்கு 570க்கு மேல் எடுத்த பெண், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அவளைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் பக்கம் எந்தக் குன்றில் ஏறினாலும், எந்தப் பழைய கோயிலைச் சுற்றி வந்தாலும் கல்லில் எழுத்து இருக்கும். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துத் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பிள்ளைகளை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒருவர் மைப்படி எடுத்துக் காட்டியிருக்கிறார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, காயும் பதத்தில் மையை ஒற்றி எடுக்க வேண்டும். கறுப்புத் தாளில் வெள்ளை வெள்ளையாக எழுத்து எழுந்து வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ராத்திரி தூங்கப் போகும்வரை அதையே பேசினாள்.

அதோடு விடவில்லை. ஒரு நீள நோட்டு போட்டாள். பழைய பிராமி எழுத்தில் கூட்டல் குறி மாதிரி இருந்த 'க', எப்படி வளைந்து நெளிந்து இன்றைய 'க' ஆனது என்று நூற்றாண்டு வாரியாக வரைந்து வைத்திருக்கிறாள். வட்டெழுத்துக்குத் தனிப் பக்கம், கிரந்தத்துக்குத் தனிப் பக்கம். கல்வெட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. அப்படி ஓடுகிற வரியை நிறுத்தி நிறுத்திப் பிரித்து, இது ஊர்ப்பெயர், இது அரசனுடைய ஆட்சியாண்டு, இது நில அளவு என்று சொல்லுவாள். நந்தாவிளக்கு எரிக்க 'சாவா மூவாப் பேராடு' 96 கொடுத்தார்கள் என்று ஒரு நாள் என் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். சாகாத, கிழடாகாத ஆடு எங்கேடி இருக்கு என்று அம்மா கேட்க, செத்தால் குட்டி அந்தக் கணக்கில் வந்துவிடும் பாட்டி, மந்தை எண்ணிக்கை குறையவே கூடாது, அதிலிருந்து வரும் நெய்யில் விளக்கு நிற்காமல் எரியும் என்றாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்கு வழக்கை ஆடு வளர்த்த ஒரு கிழவிக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை அது. 2023ல் எங்கள் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபோது, பார்க்கப் போக வேண்டும் என்று என்னைப் படாத பாடு படுத்திக் கூட்டிப் போனாள். குழிக்குள் சின்னக் கரண்டியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறவர்களை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வா போகலாம் என்றால் நகரவில்லை.

இப்படிப்பட்டவள், பி.ஏ. வரலாறு படிக்கிறேன், அப்புறம் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் படிக்கிறேன் என்கிறாள். எந்த ஊர், எந்தத் துறை என்று விசாரித்து வைத்துக்கொண்டு பேசுகிறாள். அதற்கு வீட்டில் கிடைத்த பதில், செயற்கை நுண்ணறிவும் டேட்டா சயின்ஸும். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் பணம், மீதிக்கு வங்கிக் கடன். அவள் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டவள் இல்லை. முதல் குரூப்பில் சேர்ந்ததுகூட, நல்லாப் படிக்கிற பிள்ளை மூன்றாவது குரூப்பா என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்ததால்தான்.

"மார்க்கை வேஸ்ட் பண்ணாதே" என்கிறார்கள். இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தலைக்கு ஏறுகிறது. மார்க் என்ன, சந்தையில் கொடுத்து, அந்த விலைக்கு என்ன பெரிய பொருள் கிடைக்குமோ அதை வாங்கிக்கொண்டு வர வேண்டிய ரூபாய் நோட்டா? நன்றாகப் படிக்கிற பிள்ளை வரலாறு படித்தால் வரலாற்றுக்கு நல்லது இல்லையா? கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் பிடித்து ஒரே பக்கம் தள்ளிவிட்டு, வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று கலைக் கல்லூரிக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். வேண்டாத படிப்பில் வந்து விழுந்தவர்களே பிறகு வாத்தியாராகி, அசோகர் மரம் நட்டார், குளம் வெட்டினார் என்று சலிப்போடு நடத்தினால் பிள்ளைக்கு எப்படி ஆசை வரும்? அப்புறம், ஹிஸ்டரின்னாலே போர் என்று அதற்கும் ஒரு பேச்சு.

பயப்படுகிற பெற்றோரை நான் திட்டவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மா, இதைப் படித்தால் நாளைக்குச் சோறு கிடைக்குமா என்று கேட்டால் அவள் காலில் விழுந்து பதில் சொல்லலாம். அது நியாயமான கேள்வி. தொல்லியலில் வேலை குறைவு என்பதும் உண்மை. அகழாய்வுக் குழிகளில் தற்காலிகச் சம்பளத்தில் வருடக்கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தொல்லியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. 2020ல் மத்தியத் தொல்லியல் துறையின் முதுகலை டிப்ளமோவுக்கான அறிவிப்பில், தகுதியான செம்மொழிப் பட்டங்களின் வரிசையில் தமிழையே விட்டுவிட்டார்கள். இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். அந்தப் பாதையில் கல்லும் முள்ளும் உண்டு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இதைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, எந்தத் தேர்வுக்குத் தயாராக வேண்டும், இது நடக்காவிட்டால் அடுத்தது என்ன என்று கேளுங்கள். வாத்தியார் வேலை, அருங்காட்சியகம், குடிமைப் பணித் தேர்வு என்று அவளிடம் பதில் இருக்கிறது.

ஆனால் என் அக்கா வீட்டில் யாரும் சோற்றுக்குப் பயந்து பேசவில்லை. அத்தானுக்கு அரசு வேலை, சொந்த வீடு, ஊரில் நிலம் இருக்கிறது. அங்கே ஓடுகிற பேச்சே வேறு. "கல்யாண வீட்டுல நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது?" அத்தை வாயிலிருந்து வந்த வார்த்தை இது. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல பி.ஏ. ஹிஸ்டரின்னு சொன்னா எவன் மதிப்பான்?" இது பெரியப்பா. ஆக, மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் எவனோ ஒருத்தன் போகிற போக்கில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு பெண் நான்கு வருடம் வேண்டாத படிப்பைப் படிக்க வேண்டும். அந்த நாலு பேர் ஃபீஸ் கட்டப் போகிறார்களா? அரியர் விழுந்து அவள் ராத்திரி அழுதால் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார்களா? கௌரவத்துக்காகச் செய்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், நேராகவே சண்டை போடுகிறேன். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று அதற்குப் பாசத்தின் பெயரைச் சூட்டாதீர்கள். பிள்ளை எதிர்த்துப் பேச முடியாமல் வாயடைத்துப் போவது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இவ்வளவு உறுதியாக ஜோசியம் சொல்கிறார்களே, இவர்கள் சொன்னது எப்போது பலித்தது? பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பெரியப்பா இதே சோபாவில் உட்கார்ந்து, "மெக்கானிக்கல்தான் எவர்கிரீன், கண்ணை மூடிக்கிட்டுச் சேரு" என்றார். வீடு கட்டுகிற தொழில் கொழித்த நாளில் சிவில் என்றார்கள். அப்படிச் சேர்ந்த என் சித்தப்பா மகன் இன்றைக்கு நிதி நிறுவனத்தில் கடன் வசூலுக்கு அலைகிறான். இன்று கவுன்சிலிங்கில் அந்த மெக்கானிக்கலும் சிவிலும் பல கல்லூரிகளில் காற்று வாங்குகின்றன. அந்தந்த வருடம் எது சூடாக இருக்கிறதோ அதைச் சொல்கிறார்கள். பிள்ளை படித்து முடித்து வெளியே வரும்போது அது ஆறிப்போயிருக்கிறது. கம்ப்யூட்டரில் உண்மையாகவே மனசு இருக்கிற பிள்ளை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டிவிடும். அதற்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது பாரமாகத் தெரியாது. பெரியப்பா சொன்னார் என்று சேர்ந்தது என்ன செய்யும்?

என்ன செய்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்க்கிறேன். பி.இ. முடித்துவிட்டு கோச்சிங் சென்டரில் வந்து உட்காருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான குரூப் 4 தேர்வுக்குப் பொறியியல் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக விண்ணப்பிக்கிறார்கள். அங்கே எதைப் படிக்கிறார்கள்? சிந்துவெளி, சங்ககாலம், சோழர் நிர்வாகம், குடவோலை முறை, கீழடி, ஆதிச்சநல்லூர். பதினெட்டு வயதில் ஆசையாகப் படிக்கிறேன் என்றவளுக்குக் கேவலம் என்று சொல்லப்பட்ட அதே பாடத்தை, லட்சங்களைத் தொலைத்துவிட்டு இருபத்தாறு வயதில் விருப்பமே இல்லாமல் மனப்பாடம் செய்கிறார்கள். அப்போது மட்டும் இந்தச் சொந்தக்காரர்கள், "பரவால்ல, கவர்ன்மென்ட் வேலைக்குப் படிக்கிறான்" என்று மெச்சுகிறார்கள்.

கீழடி என்றால் இதே ஆட்களுக்குப் புல்லரிக்கிறது. 2015ல் அங்கே தோண்டத் தொடங்கியதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் என் பெரியப்பா அனுப்பாத செய்தி இல்லை. 2023ல் அருங்காட்சியகம் திறந்ததும் வேன் வைத்துக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்து வந்தார். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று அறிவிப்பு வந்தபோது, "தமிழன்டா" என்று ஸ்டேட்டஸ் வைத்தார். அந்தக் குழியில் இறங்கியது யார்? அந்தப் பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்தைப் படித்தது யார்? மாதிரியைக் கெடாமல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது யார்? யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பிள்ளை, ஹிஸ்டரியா என்று கேட்டவர்களைத் தாண்டி வந்து படித்ததால்தான் உங்களுக்கு ஸ்டேட்டஸ் வைக்க ஒரு பெருமை கிடைத்தது. பெருமை மட்டும் உங்களுக்கு வேண்டும், அதைத் தோண்டி எடுக்கும் பிள்ளை ஊரான் வீட்டில் பிறக்க வேண்டுமா?

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தலபுராணம் அதைக் கரிகாலன் கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கோயில் சுவரிலேயே ராஜராஜன் தான் எடுப்பித்தது என்று வெட்டி வைத்திருக்கிறான். அதைப் படித்து உலகத்துக்குச் சொல்ல, 1886ல் அரசு கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் தேவைப்பட்டார். படி எடுத்தும் இன்னும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் எக்கச்சக்கம். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டி வந்தது. தாள் வந்தால் போதுமா, படிக்க ஆள் வேண்டாமா? எங்கள் ஊர்க் கோயிலிலேயே திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அது என்ன என்று படிக்கத் தெரிந்த ஒருத்தி ஊரில் இருந்திருந்தால் நடந்திருக்குமா?

அக்காவிடம் நேற்று சண்டை போட்டுவிட்டேன். அவளும் தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டுப் பேச்சைக் கேட்டு பி.காம். முடித்தவள்தான். அவளே மகளைப் பார்த்து, "ஆசையெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்டி" என்றாள். அந்த இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்திவிட்டேன். அத்தான் எழுந்து போய்விட்டார். இன்றைக்கு அக்கா போனை எடுக்கவில்லை.

எடுக்காவிட்டால் பரவாயில்லை. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டும் தேதிக்கு முன்பே இந்த விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டிசி எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லி அவளுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். பெரியப்பா வந்தால் வரட்டும். எந்த நாலு பேர், எந்தக் கல்யாண வீடு என்று பெயரைச் சொல்லட்டும். பதில் சொல்ல நானே அந்த மண்டபத்துக்கு வருகிறேன்.