சோலார் கேட்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டர், சீடர் பார்க், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் என்று வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலருக்குக் கரண்ட் கொடுப்பது கூட்டுறவுச் சங்கம். பில் கட்டுகிறவர்தான் அங்கே உறுப்பினர், உரிமையாளர். இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் அவருக்கு உண்டு. ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான மின் கூட்டுறவுகளில் பத்தில் ஒருவர்கூட ஓட்டுப் போடுவதில்லை. "சங்கம் ஏன் இன்னும் நிலக்கரி மின்சாரம் வாங்குகிறது?" என்று கோபப்படும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சங்கங்களில் பலவற்றுக்குச் சொந்தமாக இருப்பது கம்பமும் கம்பியும் மீட்டரும்தான். நம்மூர்ப் பால் சங்கத்துக்கு மேலே ஒன்றியம் இருப்பதுபோல, இங்கும் பல சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஒரு மேல்சங்கம் இருக்கும். மின்சாரம் அங்கிருந்துதான் வரும். அனல்மின் நிலையம் கட்ட அது கடன் வாங்கும்போது, கடன் கொடுப்பவர் உத்தரவாதம் கேட்பார். அதனால் உள்ளூர்ச் சங்கங்கள், "பல பத்தாண்டுகளுக்கு உன்னிடம் மட்டுமே வாங்குகிறோம்" என்று எழுதிக்கொடுத்துவிடுகின்றன. சூரியனும் காற்றும் மலிவாகிவிட்ட பிறகும் அந்தக் கையெழுத்து அப்படியே நிற்கிறது.

கொலராடோவில் தலைமையகம் உள்ள ட்ரை-ஸ்டேட் அப்படிப்பட்ட ஒரு மேல்சங்கம். ஒப்பந்தத்தை 2050 வரை நீட்டிக்கச் சொன்னபோது உறுப்புச் சங்கங்கள் அநேகமாக எல்லாமே சம்மதித்தன. மறுத்தவை இரண்டு: நியூ மெக்சிகோவில் டாவோஸ் ஊரைச் சேர்ந்த கிட் கார்சன், மேற்குக் கொலராடோவின் டெல்டா-மான்ட்ரோஸ். முதலில் வெளியேறியவையும் இந்த இரண்டும்தான்.

டெல்டா-மான்ட்ரோஸ் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே தெற்குக் கால்வாய் என்று ஒரு பாசனக் கால்வாய். சரிவில் இறங்கி ஓடும் தண்ணீர், பக்கத்திலேயே கம்பி. சங்கம் அதில் சிறு நீர்மின் நிலையங்கள் அமைத்தது. ஆனால் மொத்தத் தேவையில் 5 சதவீதத்துக்கு மேல் சொந்தமாகத் தயாரிக்கக் கூடாது என்றது ஒப்பந்தம். கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கத் தடை! அப்புறம் வேறொரு நிறுவனம் அதே கால்வாயில் மின்சாரம் எடுத்து விற்க முன்வந்தது. 1978-ஆம் வருடச் சட்டப்படி இப்படிப்பட்ட சிறு உற்பத்தியாளர்களிடம் சங்கம் வாங்கியே ஆக வேண்டும், ஒப்பந்த வரம்பு அதைத் தடுக்காது என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் சொன்னது. அதனால் தனக்கு ஏற்படும் வருவாய் இழப்பைச் சங்கத்திடம் வசூலிக்க ட்ரை-ஸ்டேட் அனுமதி கேட்டது. ஆணையம் அதையும் மறுத்தது. கடைசியில் 2020-இல், விலகல் கட்டணமாக 6.25 கோடி டாலர் கொடுத்து சங்கம் ட்ரை-ஸ்டேட்டிலிருந்து வெளியே வந்தது.

கிட் கார்சன் அதற்கு முன்பே, 2016-இல் வெளியேறிவிட்டது. விலகல் கட்டணம் 3.7 கோடி டாலர். புதிதாக மின்சாரம் விற்க வந்த கஸ்மன் எனர்ஜி அதைக் கட்டியது. உறுப்பினர்கள் மின்கட்டணம் வழியாக அதை அடைத்தார்கள். 2022-இல், வெயில் நன்றாக அடிக்கும் பகல் நேரத் தேவை முழுவதையும் சூரிய மின்சாரத்தாலேயே சமாளிக்கும் நிலைக்கு வந்தார்கள். இரவுக்கு இன்னும் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சுமார் 30,000 உறுப்பினர்கள் கொண்ட, பணக்காரப் பகுதி என்று சொல்ல முடியாத ஓர் இடத்துச் சங்கம் இதைச் செய்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தாமதித்தவர்களுக்கு ஆன செலவையும் பாருங்கள். டென்வருக்கு வடக்கே உள்ள யுனைடெட் பவர் 2024 மே மாதம் வெளியேறியபோது கொடுத்தது 60 கோடி டாலருக்கும் மேல். அது மிகப் பெரிய சங்கம், நேரடியாக ஒப்பிட முடியாது, சரி. ஆனாலும் வருடக்கணக்கில் வழக்கும் விசாரணையுமாக இழுத்த விவகாரம் அது.

ட்ரை-ஸ்டேட்டை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அதுவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம்தான். நியூ மெக்சிகோவில் இருந்த எஸ்கலான்ட் நிலக்கரி நிலையத்தை 2020-இல் மூடியது, சூரிய, காற்று மின்சாரத்தையும் நிறைய வாங்குகிறது. வெளியேறுகிறோம் என்ற குரல்கள் எழுந்திராவிட்டால் இந்த மாற்றம் இவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பது என் கருத்து.

அடுத்த இயக்குநர் தேர்தலில் "நீங்கள் சோலாரை ஆதரிக்கிறீர்களா?" என்று வேட்பாளரிடம் கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் ஆமாம் என்பார்கள். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, நாமே எத்தனை சதவீதம் தயாரிக்கலாம், விலகினால் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு என் ஓட்டு கிடையாது.